கூற முடியாது

என் அக்காவின் வலது கைச் சுட்டுவிரல் நேராக இல்லை. நடுக்கணுவில் ஒடிந்து, ஒட்டவேண்டிய விதத்தில் ஒட்டாமல், இடப்பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. அவள் ஒரு பொருளைக் காட்டினால் விரல் அதற்குப் பக்கத்தில் இருக்கும் பொருளைக் காட்டும். அடுப்படியில் நின்றுகொண்டு "அந்த உப்பு டப்பாவ எடு" என்பாள். விரலை நம்பி எடுத்தால் கையில் வருவது சீனி. "கண்ணு எங்கடி இருக்கு ஒனக்கு?" என்று என்னைத்தான் ஏசுவாள். "என் கண்ணு சரியாத்தான் இருக்கு. ஓ வெரல்தான் கம்பளைக்குப் போகச் சொன்னா கட்டுகஸ்தோட்டைக்குப் போகுது" என்பேன். இருவரும் சிரிப்போம். அந்த விரல் எப்படி ஒடிந்தது என்று தெரிந்தும் சிரிக்கிறோமே என்று சில நேரம் எனக்கே எரிச்சலாக வரும். ஆனால் அதைப் பார்த்து அழ உட்கார்ந்தால் வீட்டில் ஒரு நாளும் சோறு ஆக்க முடியாது.

நான் கண்டி நகரத்தில், ஒரு பேக்கரியின் மேல்மாடியில், டியூஷன் நடத்துகிறவள். அரசாங்க வேலைக்கான போட்டிப் பரீட்சைகளில் தமிழ் மொழித்திறன் என்று ஒரு வினாத்தாள் உண்டு. அதற்குப் பிள்ளைகளைத் தயார்படுத்துவதுதான் என் பிழைப்பு. அந்த வினாத்தாளில் தவறாமல் வரும் ஒரு கேள்வி இருக்கிறது. ‘மாலா லீலாவைத் தள்ளியபோது அவள் கீழே விழுந்தாள். விழுந்தவள் யார்?’ கீழே நான்கு விடைகள்: மாலா, லீலா, இருவரும், கூற முடியாது. சரியான விடை நான்காவது. ‘அவள்’ என்ற சொல் இருவரில் யாரைச் சுட்டுகிறது என்று வசனத்தில் இல்லை. இதற்கு நான் வகுப்பில் சொல்லும் பெயர் சுட்டு மயக்கம். "படிக்கிறவங்க அனுமானம் பண்ணக் கூடாது. வசனத்துல இருக்கிறத மட்டும் பாருங்க" என்று தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன்.

அக்கா என் வகுப்புக்கு வரத் தொடங்கியது கல்யாணமாகிப் பல வருடங்கள் கழித்து. பிள்ளைகள் இல்லை. கம்பளைக்குப் பக்கத்தில் வீடு. அத்தானுக்குச் சொந்தமாக ஒரு லொறி. நுவரெலியாவிலிருந்து மரக்கறி ஏற்றி இறக்குவார். அத்தான் என்று எழுதும்போதே இந்த ‘ஆர்’ விகுதி தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது பாருங்கள், சனியன்! கோயில் கமிட்டியில் இருப்பவர், வெள்ளைச் சட்டைக்காரர், தெருவில் யாரிடமும் குரல் உயர்த்திப் பேசாதவர். உயர்த்தவேண்டியதையெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டு உயர்த்தினார். இடுப்பு வார், ஈர்க்குமாறு, ஒரு முறை கொதிக்கும் தேநீர்க் கேத்தல். அக்காவின் முழங்கைக்கு மேல் அந்தக் கேத்தல் வாயின் வடிவம் இன்றைக்கும் இருக்கிறது. கேட்டால் ஒரே பதில்தான்: "மயக்கம் வந்து விழுந்துட்டேன்டி." எங்கள் குடும்பத்தில் அந்தக் காலத்தில் அவளைப் போல மயக்கம் வந்தவர்கள் யாரும் இல்லை. நான் பாடத்தில் சொல்லும் மயக்கத்துக்கும் அவள் சொல்லும் மயக்கத்துக்கும் வித்தியாசம் அதிகம் இல்லை. இரண்டிலும் அடித்தவர் யார் என்பது மறைந்துவிடும்.

சனிக்கிழமைகளில் அத்தான் லொறியோடு போனதும் அவள் ரயில் பிடித்துக் கண்டிக்கு வருவாள். பிரதேச சபையில் எழுதுவினைஞர் வேலைக்கு ஆள் எடுக்கப் போகிறார்கள். வயதெல்லைக்குள் அவளுக்கு அது கடைசி வாய்ப்பு. அந்த வேலை கிடைத்தால் தனியாக ஓர் அறை எடுத்துக்கொண்டு வந்துவிடுவாள். அதை அவள் என்னிடம் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. ஆனால் பின்வரிசை வாங்கில் உட்கார்ந்து, அப்போது நேராக இருந்த அந்தச் சுட்டுவிரலை ஒவ்வொரு சொல்லாக வைத்து அவள் வாசிக்கும் விதத்திலேயே அது தெரியும்.

மாலா லீலா கேள்விக்கு மட்டும் அவள் ஒரு நாளும் நான்காவது விடையைப் போட்டதில்லை. பிழை என்று கோடு போட்டுக் கொடுத்தால் வகுப்பு முடிந்ததும் சண்டைக்கு வருவாள். "தள்ளினவ விழமாட்டாடி. தள்ளுப்பட்டவதான் விழுவா. இதுக்குப் போயி நாலு விட எதுக்கு?" என்பாள். "வசனத்துல அப்பிடி இல்லையேக்கா" என்பேன். "வசனம் எழுதுனவன் ஒரு நாளும் தள்ளுப்பட்டிருக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டுத் தேநீர் போடப் போய்விடுவாள். புள்ளி கிடைக்காதே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

அவள் பிடிவாதம் இன்னொரு விஷயத்திலும் இருந்தது. அத்தானின் பெயரை அவள் சொல்லமாட்டாள். மலையகத்தில் எங்கள் அம்மா தலைமுறைப் பெண்கள் அப்படித்தான். எங்கள் தலைமுறையில் முக்கால்வாசிப் பேர் விட்டுவிட்டார்கள், இவள் விடவில்லை. புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையுமாம். அத்தானுக்கு ஒரு சாமியின் பெயர். கோயிலில் எல்லோரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கும்பிடும்போது இவள் வாயை மூடிக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொள்வாள். கிராம சேவகர் வீட்டுக்கு வந்து கணவன் பெயர் என்ன என்று கேட்டபோது சுவரில் தொங்கிய சாமிபடக் காலண்டரைக் காட்டி "இந்தா, இவருதான்" என்றாள். அந்த மனுஷன் பயந்துபோய் என்னைப் பார்த்தார். வாய்க்கு வாய் அவளுக்கு ‘அவரு’தான். அவரு வந்தாரு, அவரு சாப்பிட்டாரு, அவருக்குக் கோபம். உலகத்தில் மற்ற ஆண்கள் எல்லோருக்கும் பெயர் இருந்தது, அவர் ஒருத்தர்தான் அவர்.

விரல் ஒடிந்தது ஒரு பகலில். ரயிலில் யாரோ அக்காவைப் பார்த்துவிட்டு அத்தானிடம் விசாரித்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்தவர் சத்தமே போடவில்லை. "எந்த வெரல்ல பேனா புடிப்ப, காட்டு" என்று கேட்டார். அவள் விளையாட்டாகக் கேட்கிறார் என்று நினைத்துக் காட்டினாள். அந்த விரலைப் பிடித்து அறைக் கதவின் கீல் பக்கத்து இடுக்கில் வைத்துக் கதவை இழுத்துச் சாத்தினார். எலும்பு நொறுங்கிய சத்தம் அவளுக்கு முதலில் கதவின் சத்தமாகத்தான் கேட்டதாம். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். அங்கேயும் மயக்கம் வந்து விழுந்த கதைதான். கட்டோடு சமைக்க முடியவில்லை, சோறு குழைந்துபோனது என்று சில நாளில் அத்தானே கத்திரிக்கோல் எடுத்துக் கட்டை வெட்டி எறிந்தார். விரல் தன் இஷ்டத்துக்கு ஒட்டிக்கொண்டது. நான் போய்க் கூப்பிட்டபோது வாசலிலேயே மறித்து நின்று, "போயிருடி, எனக்கு ஒன்னும் இல்ல" என்று அழுதாள். ஆனால் பரீட்சைக்கு விண்ணப்பத்தை அதற்கு முன்பே அனுப்பிவிட்டிருந்தாள்.

அனுமதி அட்டை தபாலில் வந்து அத்தான் கையில் சேர்ந்தது. அவர் அதைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். ஞாயிறு மத்தியானம் அவள் அடுப்படியில் பலாக்காய் வெட்டிக்கொண்டிருந்தபோது அட்டையை அவள் முன்னால் வைத்து "இது என்னா?" என்றார். பிறகு முடியைப் பிடித்து அவள் முகத்தை அடுப்புத் திட்டின் விளிம்பில் மோதினார். இரண்டு பற்கள் பலாக்காய்க்குள் விழுந்தன. வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வருகிற எங்கள் தம்பி, கண்டியில் எலக்ட்ரிக் கடையில் வேலை செய்கிறவன், அந்த நேரத்தில்தான் வாசலில் செருப்பைக் கழற்றினான். சத்தம் கேட்டு உள்ளே ஓடினான். அத்தான் திட்டில் கிடந்த கத்தியை எடுத்தார். அது எங்கள் அப்பா தோட்டத்தில் தேயிலை கவ்வாத்து வெட்டிய கத்தி. பலாக்காய்க்கும் தேங்காய் மட்டைக்கும் வசதி என்று அக்கா கொண்டுபோய் வைத்திருந்தாள். முதல் வெட்டு அக்காவின் தோளில். தம்பி கத்தியோடு அந்தக் கையைப் பிடித்தான், இரண்டு பேரும் உருண்டார்கள், அத்தானின் முழங்கையில் ஒரு கீறல் விழுந்தது. சனங்கள் கூடியபோது கத்தி தம்பி கையில் இருந்தது.

அக்கா வீட்டுக்குப் பக்கத்துக் கட்டடத்தில் துணிக்கடை வைத்திருந்த மடவளை ஊர் முஸ்லிம் அண்ணன், நாங்கள் மடவளை நானா என்று கூப்பிடுகிறவர்தான் அக்காவைத் தன் வேனில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். சீட்டெல்லாம் இரத்தம். வார்ட்டில் வாக்குமூலம் எடுக்க வந்த பொலிஸ் சார்ஜனுக்குத் தமிழ் வராது, அக்காவுக்குச் சிங்களம் சந்தையில் பேரம் பேசும் அளவுக்குத்தான். நானா நடுவில் நின்று மொழிபெயர்த்தார். அக்கா உடைந்த வாயோடு சொன்னது இவ்வளவுதான்: "தம்பி உள்ள வந்தான். அவரு கத்திய எடுத்தாரு. அவரு வெட்டினாரு."

அடுத்த நாள் தம்பியை விளக்கமறியலில் போட்டுவிட்டார்கள். குடித்துவிட்டு வந்து அப்பாவின் கத்தியால் அக்காளையும் மச்சானையும் வெட்டிய பாதகன்! அப்படிச் சொல்லித்தான் அத்தான் கையில் தையலோடு பொலிசில் அழுதாராம். "அவரு சொல்றதுல என்னா இருக்கு, அக்கா வாக்குமூலம் இருக்கே" என்று நான் லோயரிடம் போனேன். லோயர் சிங்கள வாக்குமூலத்தை எடுத்து வாசித்துத் தமிழில் சொன்னார்: "தம்பி உள்ளே வந்தான். அவன் கத்தியை எடுத்தான். அவன் வெட்டினான்." எத்தனை வருடமாக நான் கரும்பலகையில் எழுதுகிற கேள்வி அது! என் தம்பியை உள்ளே வைத்துப் பூட்டியிருந்தது அதுதான்.

நேராக நானாவின் கடைக்குப் போனேன். "எங்க அக்கா சொன்னத நீங்க எப்பிடிச் சொன்னீங்க? இப்ப ஒருக்காச் சொல்லுங்க" என்று கத்தினேன். துணி வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாவம், அந்த மனுஷன் வெலவெலத்துப்போனார். "அல்லாவே, நான் உள்ளத உள்ளபடிதானே செல்லினேன் தங்கச்சி" என்று தொடங்கிச் சிங்களத்தில் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். மல்லி ஆவா. எயா பிஹிய கத்தா. மல்லி என்றால் தம்பி, பிஹிய என்றால் கத்தி. பாதியில் நிறுத்திவிட்டார். முகம் மாறியது. "சிங்களத்துல அவருக்கும் அவனுக்கும் ‘எயா’ ஒன்டுதானே தங்கச்சி. தாத்தா அவருன்டா யாருன்டு எனக்குத் தெரியும். அந்த சார்ஜனுக்கு எப்பிடித் தெரியும்? யா அல்லா, நான் என்ன வேல செஞ்சிட்டன்!" என்று துணிக்கட்டின்மேல் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டார். தாத்தா என்றது என் அக்காவை. அவர்கள் பேச்சில் அக்காவுக்கு அப்படித்தான் பெயர். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை.

தமிழில் அந்த வசனத்தில் மயக்கமே இல்லை. தம்பி வந்தான், ‘ன்’. வெட்டியவர் வெட்டினார், ‘ர்’. அக்கா வாயிலிருந்து தம்பிக்கு ஒரு நாளும் ‘ர்’ வராது, அத்தானுக்கு ஒரு நாளும் ‘ன்’ வராது. தோளைப் பிளந்தவனுக்கு அவள் கொடுத்த மரியாதைதான் அவனை அடையாளம் காட்டுகிற ஒரே சாட்சி. சிங்களத்துக்குப் போனபோது அந்த மரியாதை வழியிலேயே உதிர்ந்துவிட்டது.

அக்காவை என் அறைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வழக்கில் அவளே கூண்டில் ஏறிச் சொல்லவேண்டும், பெயரைச் சொல்லவேண்டும் என்று லோயர் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். நான் கெஞ்சினேன், ஏசினேன். "பேரு சொன்னா ஆயுசு கொறையும்டி" என்றாள். "கொறையட்டுமேக்கா! ஓ ஆயுச அந்தாளு கொறைக்கலியா?" என்று கையில் இருந்த கோப்பையை வீசி எறிந்தேன். அது சுவரில் பட்டுச் சிதறியது. அவள் உடனே இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டு மூலையில் குந்திவிட்டாள். பிறகு அவளே எழுந்து துண்டுகளைப் பொறுக்கினாள். "அவரு சொந்தக்காரங்க நேத்து வகுப்புக்குக் கீழ வந்து நின்னாங்க. பேரச் சொன்னா மத்த வெரலும் இருக்காதாம்" என்றாள். ஆயுசுக் கதைக்குப் பின்னால் இதுவும் இருந்திருக்கிறது.

வழக்கு நாளில் நீதிமன்றம் நிறைந்திருந்தது. தம்பியைச் சிறைச்சாலை வண்டியில் கொண்டுவந்து கூண்டில் நிறுத்தினார்கள். இளைத்து, கன்னம் ஒட்டிப் போயிருந்தான். கூண்டுக்கு வலப்பக்கத்து வாங்கில் அத்தான், வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. எதிரே சாட்சிக் கூண்டில் அக்கா, அவள் பார்வைக்குத் தம்பி இடப்பக்கம், அத்தான் வலப்பக்கம். நீதவான் சிங்களத்தில் கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்.

"கத்திய எடுத்தது யாரு?"

"அவருங்க."

"அவருன்னா?"

"அவருதாங்க, ஐயா."

"இந்தக் கோட்ல இருக்கிற ஆம்பளைங்க எல்லாருமே அவருதான் அம்மா. நானும் அவருதான். பேரச் சொல்லுங்க."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். "கூற முடியாதுங்க" என்றாள். வகுப்பில் ஒரு நாளும் போடாத அந்த நான்காவது விடையை, அதே எழுத்துத் தமிழில், அந்த இடத்தில்தான் சொன்னாள். நான் வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். மொழிபெயர்ப்பாளர் நீதவானைப் பார்த்தார், நீதவான் ஏதோ சொன்னார். "பேர் சொல்லாட்டிப் பரவால்ல. கையால காட்டுங்க."

அக்கா நிமிர்ந்து அத்தானை நேராகப் பார்த்தாள். வலது கையைத் தூக்கி நீட்டினாள். விரல் தம்பியைக் காட்டியது.

கண் அத்தானைப் பார்க்கிறது, கை அத்தானை நோக்கி நீள்கிறது, அந்தக் கோணல் விரல் மட்டும் இடப்பக்கம் சாய்ந்து கூண்டில் நிற்கிற தம்பிமேல் போய் நிற்கிறது. நீதவான் எழுதக் குனிந்தார். தம்பி கண்ணை மூடிக்கொண்டான். அத்தானின் உதட்டில் ஒரு சிரிப்பு வந்ததை நான் பார்த்தேன். அக்காவும் பார்த்தாள். பிறகு தன் விரலைப் பார்த்தாள், அது போகிற திசையைப் பார்த்தாள்.

"ஐயா, எழுதாதீங்க!" என்று அவள் கத்தினாள். அவள் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. "இந்த வெரல் கோணல். கதவுல வச்சு நசுக்கிக் கோணலாக்கினது அவன். கேத்தல்ல சுட்டது அவன். கத்திய எடுத்தது அவன், வெட்டினது அவன்." மூச்சு வாங்கினாள். "அவன்னா யாருன்னு கேப்பீங்க. கேளுங்க." யாரும் கேட்பதற்கு முன்பே பெயரைச் சொன்னாள். தகப்பன் பெயரோடு சேர்த்து, முழுசாக, ஒவ்வொரு எழுத்தும் தெரிய. உடைந்த பல்லின் இடைவெளியால் கொஞ்சம் காற்றுப் போனது, மற்றபடி சுத்தமான உச்சரிப்பு. சாமி பெயரை அன்றைக்குத்தான் அவள் வாயிலிருந்து முதல் தடவையாகக் கேட்டேன்.

அவன் வாங்கைத் தாண்டிப் பாய்ந்தான். தெருவில் குரல் உயர்த்தாதவன், நீதவான், பொலிஸ், லோயர்மார், அத்தனை பேருக்கும் முன்னால், "என் பேரச் சொல்றியாடி நாயே!" என்று பாய்ந்து சாட்சிக் கூண்டுக்குள்ளேயே அவள் முகத்தில் குத்தினான். அவள் தலை பின்பக்கப் பலகையில் மோதி இரத்தம் தெறித்தது. இரண்டு பொலிஸ்காரர்கள் கழுத்தைப் பிடித்து இழுத்தும் அவன் கை ஓங்கியபடியே இருந்தது. மொழிபெயர்ப்பாளர் வாயைத் திறந்தவர் மூடிக்கொண்டார். அதற்குமேல் மொழிபெயர்க்க எதுவும் இல்லை. அக்கா மூக்கிலிருந்து வழிந்ததைத் துடைக்காமல், கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விழவில்லை.

தம்பியை அன்றைக்கே பிணையில் விட்டார்கள், பிறகு வழக்கிலிருந்தும் விட்டார்கள். வழக்கு உரியவன்மேல் திரும்பியது. பரீட்சை நாள் ஆஸ்பத்திரியிலேயே கழிந்துபோயிருந்தது, வயதெல்லையும் போய்விட்டது. பிரதேச சபை அக்காவுக்குக் கிடைக்கவில்லை, அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை. அவள் என்னோடுதான் இருக்கிறாள். பேக்கரி மேல்மாடியில் பணம் வாங்கி ரசீது எழுதுவது, பிள்ளைகளை அதட்டுவது, அச்சுக்குப் போகுமுன் என் வினாத்தாள்களை வாசித்துப் பிழை பார்ப்பது எல்லாம் அவள்தான். மடவளை நானா பெருநாளைக்கு வட்டலப்பம் அனுப்புவார். வருகிற போதெல்லாம் "தாத்தா, அன்டைக்கு நான்" என்று தொடங்குவார். "அட விடுங்க நானா, ஒங்க வேன் சீட்டு இன்னும் கழுவிக் குடுக்கலியே நானு" என்று அக்கா அவரை வாயடைத்துவிடுவாள்.

போன வாரம் மாதிரி வினாத்தாள் ஒன்றை அவளிடம் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வழக்கம்போலச் சொல்லுக்குச் சொல் விரல் வைத்து வாசித்தாள். விரல் ஒரு சொல்லுக்குப் பக்கத்தில் இருக்க, கண் அதற்கு அடுத்த சொல்லில் இருக்கும். எனக்கு இப்போது பழகிவிட்டது. ஒரு வரியில் விரல் நின்றது. ‘அதிபர் ஆசிரியரை ஏசியபோது அவர் பேசாமல் இருந்தார். பேசாமல் இருந்தவர் யார்?’ நான்கு விடைகள், நான்காவது வழக்கமானது.

"இது யாருடி, இந்த அவரு?"

"கேள்வியே அதுதானேக்கா."

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். அந்தக் கோணல் விரலால் பேனாவை என் பக்கம் தள்ளினாள்.

"பேர எழுது" என்றாள்.